புன்னைவயலுக்குப் போன சோறு

சித்திரை 4

செம்பாறைக் கோட்டை எரிந்துவிட்டதாம். சேதி கொண்டுவந்தவன் நான் மகிழ்ந்துபோவேன் என்று நினைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். எனக்கோ வயிறு எரிந்தது. அது நான் வைக்க வேண்டிய தீ. யாரோ படைவீரர்கள் போகிற போக்கில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மதுரையில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பாண்டியர்கள் ஒரே முடிக்கு அடித்துக்கொள்ளத் தொடங்கி இது இரண்டாம் வருஷம். காரைக்குன்றத்தை ஆளும் அரையர்களான நாங்கள் அண்ணன் பக்கம். செம்பாறை அரையர்கள் தம்பி பக்கம். உண்மையைச் சொன்னால், இந்தப் பாண்டியர்கள் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஆகாது. ஏரித் தண்ணீர், எல்லைக்கல், கோயிலில் முதல் மரியாதை என்று எதற்கு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்வோம். மதுரைச் சண்டை எங்களுக்கு ஒரு சாக்கு.

மாசி மாதம் ஒரு விடியற்காலையில் செம்பாறை மழவன் எங்கள் கோட்டைக்குள் புகுந்து என் கணவரை வெட்டிப் போட்டான். அரைத் தூக்கத்தில் எழுந்து ஓடியவர். கவசம் பூட்டக்கூட நேரமில்லை.

"மழவன் செத்தானா?" என்று கேட்டேன்.

"பொணம் கிடைக்கல, நாச்சியார்."

கிடைக்காமலே இருக்கட்டும். அவன் எனக்கு உயிரோடு வேண்டும்.

சித்திரை 6

மழவன் கிடைத்துவிட்டான். எங்கள் புன்னைவயலில் இருக்கிறான். எங்கள் சோற்றைத் தின்றுகொண்டு இருக்கிறான்.

இதற்குக் காரணம் என் கணவர்தான். ஏழு வருஷத்துக்கு முன் கள்வன் என்று நினைத்து ஒருவனைத் துரத்திப் போய், ஒரு கோயில் வாசலில் வெட்டிவிட்டார். அவன் கள்வனில்லை, மாடு தேடி வந்தவன். அதற்குப் பிராயச்சித்தமாகப் புன்னைவயலைச் சுற்றி நான்கு கல் நட்டு, ஊரை அஞ்சினான் புகலிடம் ஆக்கினார். நான்கு கல்லுக்குள் வந்து "அஞ்சினேன், அடைக்கலம்" என்று எவன் சொன்னாலும் அவனை எங்கள் வீட்டாரோ எங்கள் சேவகரோ தொடக்கூடாது. ஊரில் உள்ள எட்டு வீடும் ஆளுக்கு ஒரு நாள் அவனுக்குச் சோறு போட வேண்டும். ஒன்பதாம் நாள் கோட்டையிலிருந்து போக வேண்டும். உள்ளே வாளெடுத்தவன் உள்ளேயே சாக வேண்டும். இதையெல்லாம் கோயில் சுவரில் வெட்டிவைத்தார். "நாளைக்கு நம்ம எதிரியே வந்து உக்காந்தா என்ன செய்வீங்க?" என்று நான் அப்போதே கேலி செய்தேன். "சோறு போடுவோம்" என்றார்.

அவர் தம்பி கூத்தன் குதிரையைக் கட்டச் சொல்லிவிட்டான். "மதினி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். பொழுது சாயறதுக்குள்ள அவன் தலை இங்க கிடக்கும்."

கூத்தன் நல்லவன். மாசியிலிருந்து இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியிருப்பவன் அவன்தான். அந்த விடியற்காலையில் காய்ச்சலில் படுத்திருந்ததால் தப்பினான். அவனும் போயிருந்தால் எனக்கு யார்?

ஆனாலும் வேண்டாம் என்றேன். அவர் சுவரில் வெட்டிய சொல்லை அவர் வீட்டாரே மீறினால், அவர் இரண்டாம் முறை சாகிறார். கூத்தனுக்குக் கோபம். சோறு உண்ணாமல் எழுந்து போனான்.

சித்திரை 7

களஞ்சியத்தில் எலி அதிகமாகிவிட்டது. எலிக்கு வைக்க எட்டிக்கொட்டை வாங்கிவரச் சொன்னேன்.

சித்திரை 9

மேலைக்குளத்து மடையில் கசிவு. ஆள் விட்டு அடைக்கச் சொன்னேன். புது நெல் பத்து வண்டி வந்தது. இரண்டு வண்டி ஈரம். காயப்போட்டோம்.

கூத்தன் மறுபடி வந்தான். "கல்லைத் தாண்டித்தானே போகக்கூடாது? வெளிய நின்னு தீ அம்பு விட்டா யாரு கேப்பா?" என்றான். ஊரில் எட்டு வீட்டுப் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். அவனுக்கு அண்ணன் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

மழவன் புகுந்தது ஐந்தாம் தேதி. எட்டு வீடு முடிந்தால், கோட்டையின் முறை பதின்மூன்று.

சித்திரை 12

நாளைக்குப் பாகற்காய் வேண்டும் என்றேன். "இந்தக் கோடையில பாகக்காய்க்கு நான் எங்க போவேன்?" என்று சமையற்காரி சாத்தி புலம்பினாள். கிணற்றடிப் பந்தலில் பார் என்றேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. நானே சமைக்கிறேன் என்றபோது மட்டும் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள்.

சித்திரை 13

போனேன். சாத்தி இலையும் சோற்றுப்பானையும் தூக்கிவந்தாள்.

மழவன் கோயில் மண்டபத்தில் கிடக்கிறான். தொடையில் ஆழமான காயம். மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் நினைத்துவைத்திருந்ததைவிடச் சின்ன ஆள். என்னைக் கண்டதும் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"நாச்சியாரே வந்தீங்களா?"

"முறை. தின்னு."

சோற்றைப் போட்டேன். பாகற்காயைப் போட்டேன். அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான்.

"எங்க ஆத்தாளும் எலிக்கு வைக்கிறப்ப பாகக்காயோடதான் பிசைவா. கசப்புத் தெரியாது."

சாத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தின்னுறேன். வெட்டினது நாந்தான், அதை நான் இல்லைங்கல. ஆனா ஒண்ணு கேக்கணும். கீழவாசல்ல இருக்கிற சின்னத் திட்டிக்கதவு வழியாத்தான் நாங்க வந்தோம். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவு. அதை எங்களுக்குத் திறந்துவிட்டது யாருன்னு ரெண்டு மாசமா நீங்க விசாரிக்கவே இல்லையா?"

"யாரு?"

"அண்ணன் செத்தா அரையர் பட்டம் யாருக்கு? உங்க கொழுந்தனுக்கு. அவரு தம்பிப் பாண்டியர் பக்கம் வந்துடறதா எங்களுக்குச் சத்தியம் பண்ணினாரு. இப்ப எங்க பக்கம் தோத்துப்போச்சு. அவரு அங்க உக்காந்து அண்ணனுக்காக அழுறாரு."

சொல்லிவிட்டு ஒரு கவளத்தை உருட்டி எடுத்தான். அது வாய்க்குப் போவதற்குள் என் கை தவறி இலை கவிழ்ந்துவிட்டது. அவன் கையிலிருந்ததும் சிதறிவிட்டது. கை தவறுவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

சித்திரை 14

மழவன் பொய்யன். எதிரி வீட்டான் வேறு என்ன சொல்வான்?

சித்திரை 15

கீழவாசலுக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு மாதமாக அந்தப் பக்கம் போகவில்லை. அவர் விழுந்த இடம். தரையைக் கழுவியிருக்கிறார்கள், ஆனாலும் எந்த இடம் என்று எனக்குத் தெரிகிறது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதற்குத்தான் போனேன் என்று காவலாளும் நினைத்துக்கொண்டான்.

திட்டிக்கதவு உடையவில்லை. தாழ்ப்பாளும் உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

சாத்தியிடம் கேட்டேன், அந்த விடியற்காலையில் காய்ச்சலில் கிடந்த கூத்தனுக்குக் கஷாயம் கொண்டுபோனது யார் என்று.

"நாந்தான் நாச்சியார். ரெண்டு தடவை போனேன். ஆளே இல்ல. அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

மாலையில் கூத்தன் வெற்றிலை மடித்துக்கொண்டே வந்தான். ஒரே உற்சாகம். "மதினி, புன்னைவயல்ல மண்டபத்து வாசல்ல ஒரு நாய் விறைச்சுச் செத்துக் கிடந்துச்சாம். நீங்க போயிட்டு வந்த அன்னைக்கு." கண்ணைச் சிமிட்டினான். "கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க. அடுத்த முறைக்கு நிதானமா வைங்க."

நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இவன் கையாலேயே செத்தவருக்குப் பிதிர்ச் சோறு வைக்கச் செய்திருக்கிறேன். இவன் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறேன்.

சித்திரை 17

கூத்தனிடம் சொன்னேன்: "பௌர்ணமி அன்னைக்கு நாட்டார் எல்லாரும் புன்னைவயல்ல கூடுறாங்க. மழவன் சபையில ஏதோ சொல்லணுமாம். கதவைப் பத்தி."

அவன் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். விரல் நின்றது. "எந்தக் கதவு?" என்றான்.

"எனக்கென்ன தெரியும்? எதிரி ஏதாவது உளறுவான். நீயும் வா, கேப்போம்."

பௌர்ணமிக்கு ஆறு நாள் இருக்கிறது. குற்றமில்லாதவன் என்றால் பௌர்ணமியன்று காதைத் தீட்டிக்கொண்டு வருவான். இல்லையென்றால் அதற்கு முன்பே வாளைத் தீட்டிக்கொண்டு வருவான். புன்னைவயல் ஊர்க்கிழவர் பெரியானுக்கு ஆள் அனுப்பினேன். "ஊராரை ஆயத்தமாக வைத்திருங்கள். வாளோடு கல்லைத் தாண்டுகிறவன் யாராக இருந்தாலும் சுவரில் உள்ளபடி செய்யுங்கள்."

கூத்தன் மழவனைக் கொன்றாலும் சரி, ஊர் கூத்தனைக் கொன்றாலும் சரி. இரண்டும் நடந்தால் பிடாரிக்கு ஒரு கடா வெட்டுவேன்.

சித்திரை 19

நடந்தது. நான் நினைத்தபடி நடக்கவில்லை.

உச்சிப்பொழுது. வெயிலுக்குப் பயந்து ஊரே வீட்டுக்குள் கிடக்கும் நேரமாகப் பார்த்துக் கூத்தன் மூன்று சேவகரோடு போனான். நான் எங்கள் ஆட்களோடு பின்னாலேயே போய்க் குளக்கரைப் புளியந்தோப்பில் காத்திருந்தேன். பறை முழங்கியதும் பல்லக்கை விட்டு இறங்கி ஓடினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடியது இன்றுதான்.

போய்ச் சேர்ந்தபோது சேவகரில் இரண்டு பேர் செத்துக் கிடந்தார்கள். ஒருவன் ஓடிவிட்டான். மழவன் கையில் யாரோ கொடுத்த உலக்கையோடு தூணில் சாய்ந்திருந்தான். நடுவில் கூத்தன். வாள் தள்ளிக் கிடந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி மண்டியிட்டிருந்தான். ஊரார் அரிவாளோடு சுற்றி நின்றார்கள். ஒருவரும் வெட்டவில்லை.

"ஏன் நிக்கிறீங்க?" என்று கத்தினேன்.

பெரியான் என் பக்கம் திரும்பினார். "அஞ்சினேன்னு சொல்லிட்டாரு, நாச்சியார்."

"வாளெடுத்து வந்தவன்!"

"கல்லுக்குள்ள நின்னு சொல்லிட்டாரு. எவன் சொன்னாலும்னுதான் எழுதியிருக்கு. வாளெடுத்தவன் சொல்லக்கூடாதுன்னு எழுதல. உங்க அரையர் வெட்டிவச்ச சொல்லு."

அந்தச் சுவரை நான் நூறு முறை படித்தவள். வெட்டவந்தவனும் அஞ்சலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கூத்தன் மெல்லத் தலையைத் தூக்கினான். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்தான். தப்பித்துவிட்டோம் என்று தெரிந்ததும் மனிதனுக்கு ஒரு சிரிப்பு வருமே, அது வந்தது. "மதினி, அண்ணன் சொல்லை நீங்க மீறமாட்டீங்க" என்றான்.

என் ஆட்கள் என்னையே பார்த்தார்கள். ஒரு தலையசைப்பு போதும். என் கழுத்து மரத்துப்போய்விட்டது. பிறகு பெரியானிடம் கேட்டேன்.

"இவனுக்கு எத்தனை நாளைக்குச் சோறு போடணும்?"

"அவராப் போறவரைக்கும்."

"ஊருக்கு ரெண்டு பேருக்குப் போடறது கஷ்டம். சண்டைக்காலம். இனிமே எல்லா முறையும் கோட்டை முறையா இருக்கட்டும். நானே கொண்டாறேன்."

பெரியான் கையெடுத்துக் கும்பிட்டார். கூத்தனின் சிரிப்பு நின்றுபோனது.

சித்திரை 20

நான்கு கல்லருகிலும் காவல் போட்டேன். காலையில் சோறு, கீரைக் கடைசல், மோர். மழவன் தின்றான். கூத்தன் தொடவில்லை.

சித்திரை 22

சோறு, பாகற்காய். மழவன் என்னைப் பார்த்தான், பிறகு தின்றான். கூத்தன் இலையை மண்டபத்தின் ஓரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெரியான் வீட்டிலிருந்து கஞ்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். "மதினி குடுத்தனுப்பினதுதானே?" என்று சட்டியைத் தூக்கி எறிந்தானாம்.

சித்திரை 23

நாட்டார் கூடினார்கள். மழவன் சொன்னான். சாத்தி சொன்னாள். கூத்தன் மறுக்கவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டான். அதையும் குளத்தில் தானே போய் அள்ளிக் குடித்தான். அரையர் பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்று பேசினார்கள். ஆடி வரைக்கும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

சித்திரை 27

எட்டிக்கொட்டை மிச்சமிருந்ததைக் குழி தோண்டிப் புதைத்தேன். சாத்தி பார்த்தாள். களஞ்சியத்தில் இப்போது உண்மையாகவே எலி. பூனை வாங்க வேண்டும்.

சித்திரை 30

இன்று கூத்தன் ஒரு காரியம் செய்தான். இரண்டு இலையிலும் போட்டு முடித்ததும் சட்டென்று எழுந்து, தன் இலையை மழவன் முன் வைத்து, மழவன் இலையை எடுத்துக்கொண்டான். பசி அவனை அவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறது. உருட்டி வாயருகே கொண்டுபோனான். அப்போது என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் செய்யவில்லை, நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். கை இறங்கிவிட்டது. தான் இலை மாற்றுவது எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

கூத்தன் மாற்றி வைத்த இலையை மழவன் சுத்தமாகத் தின்று முடித்தான்.

வீட்டுக்கு வந்து, மாசிக்குப் பிறகு முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

வைகாசி 3

சோறு, வழுதுணங்காய்ப் பொரியல், மிளகுச்சாறு. தொடவில்லை. புளியங்கொழுந்தும் ஆலம்பழமும் பொறுக்கித் தின்கிறானாம்.

வைகாசி 8

எள்ளுருண்டை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்தது. அவரே சொல்லியிருக்கிறார். கூத்தன் அதை மோந்து பார்த்துவிட்டு அழுதான்.

வைகாசி 14

தவறாமல் போகிறேன். மழையானாலும் போவேன். சாத்தி, "நாச்சியார், நாளைக்கு வேற யாராவது கொண்டுபோகட்டுமே" என்றாள். உனக்குக் கால் வலித்தால் நீ வராதே என்றேன். பிறகு அவளைத் திட்டியதற்கு வருத்தப்பட்டேன். கூத்தனுக்காக வருத்தமில்லை. அதைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வைகாசி 20

கூடையோடு கீழ்க்கல்லருகே போகும்போது மழவன் கல்லைத் தாண்டி வெளியே வந்து நின்றான். கோலை ஊன்றிக்கொண்டு, ஆயுதமில்லாமல். காவலாட்கள் வாளை உருவிவிட்டார்கள்.

"என்னை முடிச்சுக்குங்க, நாச்சியார்" என்றான். "இல்லாட்டி அந்தாளை முடிங்க. நான் எத்தனையோ பேரை வெட்டியிருக்கேன். இதைப் பக்கத்துல இருந்து பாக்க என்னால முடியல. ராவும் பகலும் சோத்தைப் பத்தியே பேசுறான்."

"நான் சோறுதான் போடுறேன்."

"அதைத்தான் சொல்றேன்."

இரண்டு மாதம் இந்த ஆளுக்காக ஏங்கியிருக்கிறேன். எப்படி எப்படி வெட்டச் சொல்ல வேண்டும் என்று படுத்துக்கொண்டே நினைத்திருக்கிறேன். இன்று கையெட்டும் தூரத்தில், கல்லுக்கு வெளியே, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"வழியை விடு" என்றேன்.

அவன் விலகி நின்றான். திரும்பி வரும்போது ஆளைக் காணோம். விட்டுவிட்டதாகக் காவலாட்கள் சொன்னார்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

வைகாசி 24

இப்போது ஒரே இலை. எழுந்து உட்கார முடியவில்லை கூத்தனால். பார்க்க அவர் மாதிரியே இருக்கிறான். கன்னம் ஒட்டினால் அண்ணன் தம்பி முகம் ஒன்றாகிவிடும் என்று எனக்குத் தெரியாது. சீக்கிரம் வந்துவிட்டேன்.

வைகாசி 27

குத்தரிசிச் சோறு, பருப்பு, நெய்.

கூத்தன் கண்ணைத் திறந்து, வெகு நேரம் இலையைப் பார்த்துவிட்டு, "மதினி" என்றான். குரல் வரவில்லை. குனிந்து கேட்டேன்.

"ஒரே ஒரு வாய். நீங்க ஒரு வாய் தின்னுட்டுக் குடுங்க. நான் தின்னுடறேன். தப்புத்தான். கதவைத் திறந்தது தப்புத்தான். ஒரு வாய் மட்டும்."

நெய் மணத்தது. கையை நீட்டினால் போதும். பெரியானும் அவர் மனைவியும் பக்கத்தில்தான் நின்றார்கள். அந்த அம்மாள் வாய்க்குள் எதையோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பசியில்லை" என்றேன்.

வைகாசி 29

நான் போவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

ஊர் முழுவதும் மண்டபத்தில் இருந்தது. யாரும் எனக்கு வழிவிடுவதற்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தாமாகவே ஒதுங்கினார்கள். கூத்தன் சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துக் கிடந்தான். அவர் வெட்டிவைத்த எழுத்தெல்லாம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

பெரியான் கூடையைப் பார்த்தார். "இன்னைக்காவது சொல்லுங்க, நாச்சியார். இத்தனை நாளும் இதுல என்ன வச்சீங்க? அரையர் சொல்லுக்குப் பங்கம் வந்துச்சான்னு ஊருக்குத் தெரியணும்."

பிணம் கிடக்கிற இடத்தில் ஒருவரும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன். இலையை விரித்தேன். சோற்றைப் போட்டேன், பருப்பைப் போட்டேன், கீரையைப் போட்டேன். பிசைந்து தின்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை ஏதோ கேட்டது. அதன் தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

"பங்கமில்ல" என்றார் பெரியான். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு நல்ல பசி. ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.